பந்தலில் இன்னொரு கொடி

ஜூன் 3

'மாடிப் பச்சை' தோட்டக் குழுவின் நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். இதுவரை உங்களுக்கு எழுதிய சீட்டுகளையெல்லாம் 'தங்கச்சிக்கு' என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். அவை விதைப் பொட்டலத்துக்குள் மடித்து வைத்து அனுப்பிய துண்டுச் சீட்டுகள். இன்று அனுப்பப் பொட்டலமும் இல்லை, கொண்டாட உறவும் இல்லை. அதனால் நிர்வாகி அவர்களுக்கு என்றே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு கீழே வந்து போனைத் திறந்தால் குழுவைக் காணோம். போன்தான் பழுதாகிவிட்டது என்று வீட்டுக்காரரிடம் நீட்டினேன். இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான் இருக்கு. உன்னத்தான் தூக்கிட்டாங்க" என்றார்.

காலையில் பிரார்த்தனை முடிந்ததும் நான் அடுத்துச் செய்கிற வேலை அந்தக் குழுவைத் திறப்பதுதான். யாருக்கு இலை சுருண்டது, யாருக்குப் பூ உதிர்ந்தது என்று பார்த்து, தெரிந்ததைச் சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். பள்ளிக்கூடப் படிப்பை எட்டாவதோடு நிறுத்தியவளை ஊர் பேர் தெரியாதவர்கள் 'சுரைக்காய் அக்கா' என்று கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, அங்கேதான் கிடைத்தது.

நம் புதுமாப்பிள்ளை, கல்யாணமான மாதமே குழுவில் சேர்ந்து நாளுக்கு முப்பது கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை, என்ன எழுதினான்? நான் கொடுத்த விதையில் காய்த்த சுரைக்காயைச் சாறு பிழிந்து குடித்து அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். 'அக்கா கொடுத்தது விதையில்லை, விஷம்' என்று எழுதினான். பெற்றவர் படுத்திருக்கும்போது பிள்ளை பேசுவதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவர்கள்? எந்த நோய்க்கும் மண்புழு உரமே மருந்து என்கிற மண்புழு மாமாகூட, "மண்ணில என்ன கலந்தீங்க?" என்று கேட்டார். ஒரு புண்ணியவதி, நான் ராத்திரியில் ரசாயன உரம் போட்டுவிட்டுப் பகலில் இயற்கை பேசுகிறேன் என்றாள். அவளிடம் மட்டும்தான் 'சுரைக்காய்க்கு உப்பில்லை என்கிற மாதிரிப் பேசாதீர்கள்' என்று சொன்னேன். மற்ற எல்லோருக்கும் மரியாதையாகத்தான் பதில் எழுதினேன்.

அந்த விதை எடுத்த கொடியில் காய்த்ததை ஒரு பருவம் முழுக்க நாங்கள் சாப்பிட்டோம். அத்தனையும் தேன். எந்தக் கொடி, எந்தக் காய், என்றைக்கு விதை எடுத்தேன் என்று உறைமேல் எழுதித்தான் அனுப்புவேன். உங்களுக்குத் தெரியாததா? ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டீர்களே. உங்களுக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர் வைத்தவன் உங்கள் தையல் கடையை மட்டும் பார்த்து வைக்கவில்லை போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் குழுவில் போட்டு, என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்பு உங்கள் குழுவில் இருந்தவள்


ஜூன் 9

அக்காவுக்கு,

நீங்கள் நிர்வாகி என்றே கூப்பிடுங்கள். எனக்கு நீங்கள் அக்காதான்.

போனில் எழுதாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இப்போதெல்லாம் யாருக்குத் தனியாக எதை எழுதினாலும் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். 'அக்காமேல் தப்பிருக்காது, பொறுங்கள்' என்று ஒருத்திக்கு எழுதினேன். அதையும் போட்டு, 'நிர்வாகி ஆள் பார்த்து நியாயம் பேசுகிறார்' என்றார்கள். உங்களைக் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை.

ஏன் வெளியே எடுத்தேன் என்று கேட்டீர்கள். அன்று கடையில் பள்ளிச் சீருடை வேலை. மிஷினை மிதித்துக்கொண்டே ஒரு கண்ணால் போனைப் பார்த்தேன். உங்கள் வீட்டு முகவரி ஒருவரிடம் இருந்தது, அதைக் குழுவில் போட்டார். நான் அழித்தேன். இன்னொருவர் போட்டார். நீங்கள் ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் சொல்லச் சொல்ல எரிகிற அடுப்பில் விறகு வைத்தது போல ஆனது. உங்களை எடுத்துவிட்டால் அடங்குமென்று நினைத்தேன், அடங்கியது. செய்தது சரியா என்று கேட்டால் தெரியாது. களைத்துப் போயிருந்தேன் அக்கா. சாம்பல் போடலாமா கூடாதா என்று நாற்பது பேர் கட்டிப் புரண்டு சண்டை போட்ட மறுநாள் அது.

அந்தப் பெரியவர் வீடு திரும்பிவிட்டார். வயிறு இன்னும் சரியாகவில்லை. சாறு வாயில் வைக்க முடியாத கசப்பாம். "கசப்புன்னா மருந்துதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் குடித்திருக்கிறார். கசக்கிற சுரைக்காய் உடம்புக்கு ஆகாது, ஆளையே சாய்த்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அதன் பிறகு நானும் தேடிப் படித்தேன்.

உங்கள் கொடியின் காய் தேனாக இருந்தது என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் காய் தாய்க்கொடியின் குணத்தில்தான் இருக்குமாம். உள்ளே இருக்கிற விதைதான் அப்பன் யாரென்று சொல்லுமாம். பக்கத்தில் கசப்பு இனம் ஏதாவது பூத்திருந்தால், அந்தி நேரத்தில் வருகிற பூச்சி மகரந்தத்தை இங்கே கொண்டுவந்துவிடும். அந்த வருஷக் காயில் ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷம் அந்த விதையில் முளைக்கிற கொடிதான் கசக்கும்.

அந்தப் பருவத்தில் வேறு சுரை ஏதாவது உங்கள் மாடியில் இருந்ததா? அந்த விதையை இன்னும் யார் யாருக்கு அனுப்பினீர்கள்? இப்போது எல்லோர் வீட்டிலும் பிஞ்சு பிடிக்கிற சமயம். இதைக் குற்ற விசாரணை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கச்சி


ஜூன் 14

நிர்வாகி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முகவரி விஷயம் எனக்குத் தெரியாது. அதற்கு நன்றி. மற்றதற்கு நன்றி சொல்ல வரவில்லை.

தாய் இனிப்பு, பிள்ளை கசப்பு என்று எங்கோ படித்துவிட்டு எழுதுகிறீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? என் பந்தலுக்கு வந்து பாருங்கள். இந்த வருஷக் கொடியிலும் காய் தொங்குகிறது. நேற்றுக்கூடச் சமைத்தேன். மாமியார் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். அவர் என் சமையலில் எதையும் இரண்டாம் தடவை கேட்கிறவர் இல்லை.

வேறு சுரை இருந்ததா என்றால், ஊரில் யாரும் என் மாடியில் வந்து ரகசியமாக நட்டுவிட்டுப் போகவில்லை. நீங்கள் அனுப்பினீர்களே, காயவைத்து விளக்குக் கூடு செய்யலாம் என்று குடுவைச் சுரை, அது ஒன்றுதான் இருந்தது. நீங்கள் ஆசையாகக் கொடுத்தது என்று அதற்கு நல்ல இடமாகக் கொடுத்து, அதே பந்தலில் மறு பக்கம் ஏற்றிவிட்டேன். நன்றாகத்தான் வந்தது. அது சாப்பிடுகிற காயே இல்லை, அதனால் கணக்கில் வராது.

யார் யாருக்குக் கொடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, 'அந்த அம்மா கொடுத்ததைப் பிடுங்கிப் போடுங்கள்' என்பீர்கள். ஒரு வருஷம் தண்ணீர் சுமந்து, ஆண்டவன் பெயரைச் சொல்லி முதல் காயைத் தானம் கொடுத்து, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பிய விதை அது. அதைக் குப்பை என்று நானே எப்படி ஒப்புக்கொள்வேன்? எனக்கென்று இருந்த பெயர் அது ஒன்றுதான் அம்மா. அதையும் கொடுத்துவிட்டு என்ன பேரில் நடமாடுவது?

உடம்பும் சரியில்லை. மாடிப்படி ஏறினால் முழங்கால் கத்துகிறது. இனி எழுதத் தெம்பில்லை.

சுரைக்காய் அக்கா


ஜூன் 20

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். அளவு கொடுக்க வந்த அம்மாள் கையைத் தூக்கிக்கொண்டே நிற்கிறார், நான் டேப்பைப் பிடித்தபடி அந்த ஒரு வரியையே படித்துக்கொண்டிருக்கிறேன். "என்னம்மா, கையை இறக்கலாமா?" என்று அவர் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

குடுவைச் சுரை கணக்கில் வரும் அக்கா. அதுதான் முழுக் கணக்கும். அது கசப்பு இனம். நான் பொட்டலத்தில் 'அலங்காரத்துக்கு' என்று எழுதினேன். 'சாப்பிடுகிற சுரை பக்கத்தில் வேண்டாம்' என்று எழுதவில்லை. எழுத வேண்டுமென்றே எனக்குத் தெரியாது. விளக்குக் கூடு அழகாக இருக்கும், அக்கா வீட்டில் தொங்கும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒரே பந்தலில் இரண்டு கொடி. அந்தியில் இரண்டும் ஒன்றாகப் பூத்திருக்கும். பூச்சிக்கு எது கறிக்கு, எது விளக்குக்கு என்று யார் சொல்வது?

உங்களைக் குழுவைவிட்டு வெளியே எடுத்தவள் நான். அந்தக் கசப்பை உங்கள் மாடிக்கு அனுப்பியவளும் நான்.

என் பெயரைப் போட்டுக் குழுவில் எழுதப் போகிறேன். அது எளிது. ஆனால் குழுவில் போட்டால் மட்டும் போதாது. பாதிப்பேர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள், மீதிப்பேர் எதையும் படிப்பதில்லை. விதை யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் கூப்பிட்டால்தான் நம்புவார்கள்.

ஒன்று மட்டும் பாருங்கள். இந்த வருஷம் நீங்கள் நட்டது, மற்றவர்களுக்குக் கொடுத்த அதே விதைதானா? உறைமேல் எழுதியிருப்பீர்கள்.

என்னைத் திட்டுவதானால் அதற்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். ஆனால் முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கச்சி


ஜூன் 26

தங்கச்சிக்கு,

நான் நட்டது அதற்கு முந்திய வருஷத்து விதை. வீட்டில் எதுவானாலும் பழையதை நாம் தீர்ப்பது, புதியதைப் பிறருக்குக் கொடுப்பது என்று வைத்திருக்கிறேன். கொடுத்தால் நல்லதைக் கொடு என்றுதான் ஆண்டவன் சொன்னான். அதனால் நல்லதென்று நினைத்துக் கசப்பையெல்லாம் பிறருக்குக் கொடுத்திருக்கிறேன், தேனை நான் சாப்பிட்டிருக்கிறேன். இதை அவனிடமே கேட்டுவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகும் மனசு ஒப்பவில்லை. பின்தெருவில் ஊசி போடுகிற நர்ஸம்மாவுக்கு அந்த விதை கொடுத்திருந்தேன். நேரே போனேன். சமையலறை ஜன்னல் கம்பியில் கொடியை ஏற்றி விட்டிருக்கிறாள். கையளவு பிஞ்சு ஒன்று பளபளவென்று தொங்குகிறது.

"என்னக்கா, கண்ணு வைக்க வந்தீங்களா?" என்றாள்.

"ஒரு துண்டு வெட்டிக் கொடு. நாக்குல வச்சுப் பார்க்கணும்."

"பச்சையாவா? என்ன, ஏதாவது வேண்டுதலா?"

வெட்டிக் கொடுத்தாள். நுனி நாக்கில்தான் வைத்தேன். தங்கச்சி, அதைக் கசப்பு என்று சொன்னால் போதாது. துப்பிவிட்டு எத்தனை தடவை வாய் கொப்பளித்தும் போகவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் ஒரு துளி வைத்துப் பார்த்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "அக்கா, நாளைக்கு எம்பொண்ணுக்கு இதத்தான் செஞ்சு குடுக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு நாலு வயசு. கீழே உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது.

பெயராவது, ஒன்றாவது. வீட்டுக்கு வந்து கூப்பிட ஆரம்பித்தேன். இரண்டு நாள் அதே வேலை. ஒருவர், "சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்தச் 'சரிம்மா' இன்னும் காதில் இருக்கிறது. ஒருத்தி, "இதுக்குப் பின்னாடி யாரோட சதிக்கா?" என்றாள். பூச்சியோட சதி என்றேன். ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே மாடிக்கு ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டு மூச்சு வாங்க வந்து, "வேரோட போச்சுக்கா, நீங்க அழாதீங்க" என்றாள். இன்னொருத்தி விதையை டப்பாவில் போட்டு மறந்தே போய்விட்டாளாம். பிறத்தியார் சோம்பலுக்காக நான் ஆண்டவனுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒருவர் மட்டும் அகப்படவில்லை. ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர், குழுவில் 'இன்ஜின்' என்று பெயர். போன் எடுக்கவில்லை. கடிதம் போட்டிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். உன் பெயரைப் போட்டு எழுதாதே. எனக்கு நடந்தது உனக்கும் நடக்கும். நான் வீட்டோடு இருப்பவள், நாலு பேர் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிடலாம். நீ கடை வைத்திருப்பவள். கொடுத்தது நான், என் பெயரோடு போகட்டும்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எழுதிவிட்டேன். வந்திருந்தாலும் எழுதியிருப்பேன்.

குடுவைச் சுரை விதை நான் கொடுத்தது, எச்சரிக்காதது நான், விசாரிக்காமல் அக்காவை வெளியே எடுத்ததும் நான் என்று மூன்று வரி. நீளமாக எழுதினால் சமாதானம் சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று அதோடு நிறுத்திவிட்டேன்.

நீங்கள் சொன்னதுதான் நடந்தது. உங்களை வைதவர்களே உங்களுக்காக என்னை வைதார்கள். "அந்தத் தெய்வத்தைப் போய்த் தூக்கினியே" என்று எழுதியவள் யார் தெரியுமா? ராத்திரியில் ரசாயன உரம் என்றாளே, அவளேதான். சிரிக்கக்கூடத் தெம்பில்லை. கடைக்கு வந்த ஒருத்தி, "நீங்கதானா அது?" என்று கேட்டுவிட்டு ஜாக்கெட் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. நீங்கள் கூப்பிட்டவர்கள் பிடுங்கிய கொடியைப் படமெடுத்துப் போட ஆரம்பித்தார்கள். முதலில் ஒன்று, அப்புறம் வரிசையாக. தரையில் கிடக்கிற கொடி, வேர், வெள்ளைப் பூ. யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் குழு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் புதுமாப்பிள்ளை எழுதினான்: "அப்பா சொல்லச் சொன்னாங்க. நாக்கு வேண்டாம்னு சொல்லிச்சு, நான்தான் கேக்கல. அந்தம்மா மேல எனக்குக் கோபமில்ல."

நிர்வாகப் பொறுப்பை மண்புழு மாமாவிடம் கொடுத்துவிட்டேன். இனி எந்த வழக்குக்கும் மண்புழுதான் தீர்ப்பு. நான் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. தப்பாக வெட்டிய துணியை என்ன ஒட்டுப் போட்டாலும் வெட்டியவளுக்கு அந்த இடம் தெரிந்துகொண்டே இருக்கும் அக்கா. அதுதான்.

உங்களைத் திரும்பச் சேர்க்க மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அழைப்பு வரும். போங்கள். காலையில் இலை சுருண்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அந்த இன்ஜின் பெரியவர் என்ன ஆனார்? அது ஒன்றுதான் உறுத்துகிறது.

தங்கச்சி


ஜூலை 10

தங்கச்சிக்கு,

இன்ஜின் பெரியவரிடமிருந்து பதில் வரவில்லை. முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்காரர், "சுரைக்காய்க்காக ஊர்விட்டு ஊர் போற ஒரே ஆள் நீதான்" என்றார். சொல்லிவிட்டு அவரும் கூடவே வந்தார்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, ஒரு பால்கனி. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும், "கடுதாசி வந்துச்சும்மா. படிச்சேன்" என்றார்.

"படிச்சுட்டு ஏன் பிடுங்கல?"

"நான்தான் சாப்பிடப் போறதில்லையே. இருந்துட்டுப் போகட்டும்."

பால்கனியில் பத்துத் தொட்டி. ஒன்பதில் வெறும் மண். நட்டது எதுவும் அவர் கைக்கு வரவில்லையாம். பத்தாவதில்தான் என் கொடி, கம்பி முழுக்கப் படர்ந்து, உள்ளே கட்டில் வரைக்கும் நிழல் விழுகிறது. மனைவி போன பிறகு அந்த அறைக்குள் வந்த முதல் உயிர் அது என்றார். இவ்வளவையும் ரயில் நேரம் சொல்வது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. மெல்ல உட்கார்ந்து சொன்னேன்: நீங்கள் சாப்பிடாவிட்டாலும் பூ பூக்கும், பூச்சி வரும், கீழ்வீட்டில் யாராவது சுரை வைத்திருந்தால் அவர்கள் விதைக்குப் போகும், இரண்டு வருஷம் கழித்து எந்தக் குழந்தை வாயிலோ போய் நிற்கும்.

எழுந்து போய்த் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப நீங்களே எடுத்துடுங்க. என் கையால ஆகாது" என்றார்.

நான்தான் வேரைப் பிடித்து இழுத்தேன். அவர் தொட்டி ஆடாமல் பிடித்துக்கொண்டார். கம்பியிலிருந்து பிரித்து எடுக்க வெகுநேரமானது, கொடி அவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருந்தது. எல்லாம் எடுத்த பிறகு அறை பளிச்சென்று வெளிச்சமாகிவிட்டது, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்காரர் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்.

வாசலில் அந்தப் பெரியவர் கேட்டார்: "வேற விதை இருக்கா?"

இனி ஒருவருக்கும் என் கையால் விதை கொடுப்பதில்லை என்று சாமி முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். அதை அவரிடமும் சொன்னேன். "அது உங்களுக்கும் சாமிக்கும் உள்ள பேச்சு. எனக்குத் தொட்டி காலியா இருக்கே" என்றார்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. ஆண்டவன் கோபித்துக்கொள்வானோ என்று பார்த்தேன். காலி தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்காக வாக்கு மாறினால் கோபிக்கிற தெய்வத்தை நான் இத்தனை வருஷம் கும்பிடவில்லை.

குழு அழைப்பு வந்திருக்கிறது. இன்னும் தொடவில்லை. தொடுவேன், இன்றைக்கு அலுப்பாக இருக்கிறது.

என் பந்தலில் இருப்பது பழைய விதையின் கொடி, நல்ல கொடி. இந்தத் தடவை அந்தப் பெரியவர் தொட்டிக்காக ஒரே ஒரு காயைத்தான் விதைக்கு விடப்போகிறேன். அதற்கான பெண்பூவும் ஒரு ஆண்பூவும் விரிவதற்கு முன்பே பூச்சி புகாமல் துணிப்பை கட்டி, அந்தியில் ஆண்பூவைக் கையால் தொட்டு வைத்து, மறுபடி கட்டிவிட வேண்டும். இரண்டு கை போதாது. விளக்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், ஏணியைப் பிடிக்கவும் அதே ஆள். மாமியாரால் படி ஏற முடியாது. வீட்டுக்காரருக்கு அடுத்த வாரம் சாயங்கால வேலை.

இத்தனை வருஷத்தில் உன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மொட்டு அடுத்த வாரம் வியாழன் வாக்கில் விரியும் போலிருக்கிறது. கடையைக் கொஞ்சம் சீக்கிரம் அடைக்க முடியுமா? பை இரண்டு தைத்து எடுத்துக்கொண்டு வா. மெல்லிய துணியாக இருக்கட்டும், காற்றுப் போக வேண்டும்.

அக்கா